இருநூறுக்கும் நானூறுக்கும் நடுவே

1985 தைப்பூசம் முடிந்த வாரத்தில் என் அண்ணன் இருளப்பனுக்குப் பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. அதற்கு முன்பே வந்திருக்கலாம். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி ருக்குமணிதான் துண்டில் கறையைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினாள்.

அவர்கள் கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், உள்ளே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். அண்ணன் கொழுந்து லோரி ஓட்டினான். அண்ணி கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டினாள். நானும் அந்த லைன் வீட்டில் பிறந்தவள்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் என்னைத் தானா ராத்தாவில் ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தான். பிறகு கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. இரத்தப் புற்றுநோய் வந்தவர்களின் செல்களை மிஷினில் அளப்பது என் வேலை. அண்ணிக்கு அது தெரியும். அதனால்தான் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸரிடம் சொல்வதற்கு முன் எனக்கு எழுதினாள்.

சனிக்கிழமை மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான்.

"இது என்னாண்ணே?"

"மூட்டை தூக்குறப்ப பட்டிருக்கும்லா."

"ரெண்டு கையிலயுமா?"

அவன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். நான் அதற்குள் எண்ணிவிட்டேன். வலது கையில் ஏழு, இடது கையில் நாலு. நீலமும் பச்சையுமாக, காசு அளவில் கன்றிய திட்டுகள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மனசு பதறவில்லை. பதினொன்று, பதினொன்று என்று அந்த எண் மட்டும் உள்ளே திரும்பத் திரும்ப வந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாளே ஆம்புலன்ஸில் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். எந்தக் கட்டடத்தில் நான் வேலை செய்தேனோ அதே கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு அண்ணன் வந்து சேர்ந்தான். நான் கீழ்த்தளத்தில் இருந்தேன்.

டாக்டர் நாகரத்தினம் அவனைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஈப்போவில் பிறந்தவர். எங்கள் கூடத்துக்கும் அவர்தான் தலைவர். என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். எலும்பு மச்சையில் தொடங்கும் வகை. வேகமானது. முதல் சுற்று மருந்தில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு அடங்கும். ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் இரண்டு பேர். நான் இந்தக் கணக்கைப் பல வருடமாகத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். தெரியும் டாக்டர் என்றேன்.

அண்ணன் அந்த ஆறு பேரில் வரவில்லை. முதல் சுற்று முடிந்து மச்சையை எடுத்துப் பார்த்தபோது நோய் அப்படியே இருந்தது.

அப்போது டாக்டர் இன்னொரு வழியைச் சொன்னார். வெளிநாடுகளில் செய்து பார்க்கிறார்கள், நம்மிடமும் மிஷின் இருக்கிறது, செய்யலாம் என்றார். அண்ணி தோட்டத்தில் இரண்டு வாரம் லீவு வாங்கி வந்திருந்தாள். அவளுக்கு நான்தான் விளக்கினேன்.

ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன்னிடம் உள்ள டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். புரோப்பிடியம் அயோடைடு என்று ஒரு சாயம் இருக்கிறது. அது டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். மிஷினுக்குள் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு நீரோட்டத்தில் போகும்போது லேசர் ஒளி படும். ஒட்டிய சாயம் சிவப்பாக ஒளிரும். டி.என்.ஏ. எவ்வளவோ அவ்வளவு வெளிச்சம். இருபதாயிரம் செல்லை அப்படி அளந்து திரையில் வரைந்தால், சும்மா இருக்கும் செல்கள் எல்லாம் இருநூறு என்ற இடத்தில் ஒரு பெரிய மேடாக நிற்கும். இரட்டிப்பை முடித்துப் பிரியத் தயாராக இருப்பவை நானூறில் ஒரு சின்ன மேடு. நடுவில் இருக்கும் பள்ளத்தில் இரட்டித்துக்கொண்டிருக்கும் செல்கள் கிடக்கும். அடுத்துக் கொடுக்கப்போகும் மருந்து அந்தப் பள்ளத்தில் இருப்பவற்றைத்தான் கொல்லும். முதல் மருந்தில் அடிபட்ட புற்றுச் செல்கள் சில நாளில் சேர்ந்தாற்போல் எழுந்து இரட்டிக்கத் தொடங்கும். பள்ளம் நிரம்பும் நாளைப் பார்த்து மருந்தை ஏற்றினால் அதிகம் சாகும்.

அண்ணி முழுவதும் கேட்டாள்.

"அந்த நாளு எதுன்னு யாரு சொல்லுவா?"

"நான்தான் அண்ணி."

"அப்ப சரி," என்றாள். லீவு முடிந்திருந்தது. மறுநாள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள்.

மருந்தை ஒரு தடவைதான் அப்படி ஏற்ற முடியும். அது நல்ல செல்களையும் அழிக்கும். உடம்பு இன்னொரு தடவை தாங்காது. இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

திங்கள்கிழமை முதல் தினமும் காலை எட்டு மணிக்கு அண்ணனின் குழாய் கீழே வந்தது. மேலே இருளப்பன் என்று ஒட்டியிருக்கும். என் வேலை எப்போதும்போல நடந்தது. செல்களைப் பிரித்து எடுத்து, குளிர்ந்த ஆல்கஹாலில் போட்டு, கழுவி, சாயம் ஊற்றி, பனிக்கட்டியில் வைக்க வேண்டும். மிஷினின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கோழி இரத்தம் கலப்போம். கோழியின் சிவப்பணுவில் மனிதச் செல்லில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு டி.என்.ஏ. உண்டு. அது எழுபதில் ஒரு மேடாக வர வேண்டும். வாரம் ஒரு தடவை புடு மார்க்கெட்டில் ஒரு சீனக் கிழவரிடம் போய் நான் இரத்தம் வாங்கி வருவேன்.

இன்னொரு பொருளும் சேர்க்க வேண்டும். சாயம் ஆர்.என்.ஏ.விலும் ஒட்டும். அதனால் ஆர்.என்.ஏ.வை மட்டும் தின்றுவிடும் ஒரு நொதியை முதலில் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். ஊற்றாவிட்டால் இல்லாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து, பள்ளம் நிரம்பியிருப்பதுபோலத் தெரியும்.

திங்கள்கிழமை பள்ளத்தில் ஆறு சதவிகிதம் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஏழு. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குழாயைக் கழுவி முடித்து, நொதியை எடுக்கக் கை நீட்டும்போது வராந்தாவில் போன் அடித்தது. எனக்குத்தான் என்றார்கள். தோட்டத்து ஆபீஸ் போனிலிருந்து அண்ணி. கணக்கு எழுதும் கிராணி ரெங்கசாமி பக்கத்தில் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்வது கேட்டது.

"எப்படி இருக்காரு வடிவு?"

"நல்லா இருக்காரு. இட்லி சாப்பிட்டாரு."

"காச்ச?"

"கொஞ்சம் இருக்கு."

"அந்த நாளு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி. பாத்துக்கிட்டு இருக்கேன்."

திரும்பி வந்தேன். சாயத்தை ஊற்றினேன். பனிக்கட்டியில் வைத்தேன். அரை மணி கழித்து மிஷினில் விட்டேன். இருபத்து மூன்று சதவிகிதம்.

நான் தாளை எடுத்துக்கொண்டு படியில் ஏறினேன். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டார். மதியம் இரண்டு மணிக்குப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். ஐந்து நாள் விடாமல் ஏற வேண்டிய மருந்து. அண்ணன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அவன் விரல் பெரிய மேட்டின் மேல் போனது.

"இந்த ஏத்தத்துக்கு ரெண்டாவது கியர் போடணும்."

"எறங்குறப்ப?"

"எறங்குறப்பவும் அதே கியர்தான். பிரேக்க நம்பக் கூடாது."

அவன் சிரித்தான். ஈறு கறுத்திருந்தது.

வியாழக்கிழமை காலை குளிர்பெட்டியைத் திறந்தேன். நொதியை நான் தினத்துக்கு ஒன்றாகச் சின்னக் குழாய்களில் பிரித்து, நாளைக் குறித்து வைத்திருப்பேன். திங்கள் காலி. செவ்வாய் காலி. புதன் நிறைந்து இருந்தது.

கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மறுபடி பெட்டியில் வைத்து, மறுபடி எடுத்தேன். ஆல்கஹாலில் புதன்கிழமைச் செல்கள் பாதி மீதம் இருந்தன. அவற்றைக் கழுவி, நொதி ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். சாயம் ஊற்றி மிஷினில் விட்டேன். எட்டு சதவிகிதம்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். யாரோ ஒரு நோயாளியின் அறிக்கையைப் படிப்பதுபோல என் குரல் எனக்கே கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மருந்து ஏறத் தொடங்கி இருபது மணித்தியாலம் ஆச்சுது, பிள்ளை. இடையில நிப்பாட்டினா அதுவும் இல்லை, இதுவும் இல்லை எண்டு ஆகும்."

"எனக்குத் தெரியும் டாக்டர்."

"நீர் சரியாச் சொல்லியிருந்தா பள்ளம் நிரம்பட்டும் எண்டு பாத்திருந்து நான் சனிக்கிழமையளவில தொடங்கியிருப்பன். அந்த மூண்டு நாளால என்ன மாறியிருக்குமெண்டு எனக்கும் தெரியாது. ஒண்டும் மாறாமலும் போயிருக்கும். இன்னொருக்கா ஓட்டிப் பாத்த தாளை நான் நேற்றே கேட்டு வாங்கியிருக்க வேணும். நான் அவசரப்பட்டுட்டன்."

நடந்ததைக் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். போட்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குள் ஏதாவது அசைந்திருக்குமோ என்னவோ. கீழே போய் அடுத்த நோயாளியின் குழாயை எடுத்தேன்.

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மாலை நாலு மணிக்குப் போய் முகமூடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் லோரியைப் பற்றிக் கேட்டான். யார் ஓட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டும். காளியண்ணன் என்றேன். அவன் கிளட்சில் கால் வைத்தே ஓட்டுவான் என்று வருத்தப்பட்டான். மருந்தில் நல்ல செல்கள் எல்லாம் அழிந்தன. புற்றுச் செல்கள் பாதிக்கு மேல் மிஞ்சின. நுரையீரலில் கிருமி பிடித்தது. பாட்டில் தொங்கவிட்ட பத்தொன்பதாம் நாள் காலை, அண்ணி வந்து சேர்ந்து இரண்டு மணி நேரத்தில், அவன் இறந்தான். வயது முப்பத்தைந்து.

ஒரு வேன் பிடித்து அவனை மேலே கொண்டு போனோம். தாப்பாவிலிருந்து ஏறும் வளைவுகளில் பெட்டி நகராமல் இருக்க நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். தோட்டத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. அழுதுரு வடிவு, அழுதுரு, இல்லன்னா உள்ள கட்டிக்கும் என்று வேலாயி அக்கா என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். கோயில் பக்கத்துக் கொட்டகையில் யாரோ காப்பி கொடுத்தார்கள். சூடாக இருந்தது தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பைப்படியில் அண்ணி பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அப்போது சொன்னேன். நொதியை ஊற்ற மறந்தது, இருபத்து மூன்று, எட்டு, எல்லாம்.

அவள் தேங்காய் நாரால் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"சரியா பாத்திருந்தா பொழச்சிருப்பாரா?"

"தெரியல அண்ணி."

"தெரியலன்னா?"

"பொழைக்கவும் வாய்ப்பு கொஞ்சம் இருந்துச்சு. பத்துல ஒண்ணு. அதுகூட இல்லாம இருந்திருக்கலாம்."

"எப்படி மறந்த? தெனமும் செய்யிற வேலைதானே?"

"நடுவுல ஒரு போன் வந்துச்சு."

நார் நின்றது.

"என்னைக்கு?"

"ஞாபகம் இல்ல. ஆபீஸ் போன். வேற யாரோ."

"புதன்கெழம பத்து மணிக்கு நான்தானே அடிச்சேன்."

நான் மீதித் தண்ணீரை ஊற்றினேன். அண்டாவிலிருந்து சாம்பல் தண்ணீர் காலடியில் ஓடியது. அண்ணி அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

"கெளம்பு," என்றாள்.

அதன் பிறகு இரண்டு வருடம் அவள் எனக்கு எழுதவில்லை. நான் தீபாவளிக்கு இரண்டு தடவை எழுதினேன். பதில் இல்லை. வேலையை நான் விடவில்லை. விட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. காலையில் எழுந்தேன், பஸ் ஏறினேன், குழாய்களைக் கழுவினேன். ஒவ்வொரு குழாயையும் இரண்டு தடவை ஓட்டும் வழக்கம் வந்தது. யாரும் சொல்லி வந்ததில்லை. மாத்திரை சாப்பிடுவதுபோல ஒரு வழக்கம். சக ஊழியர்கள் நேரம் ஆகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

1987 ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. மூன்று வரி. கழுத்தில் கட்டி வந்திருக்கிறது. வெட்டிப் பார்க்கணும் என்கிறார்கள். நீதான் பாக்கணும். ருக்குமணி.

அவள் வந்தாள். இளைத்திருந்தாள். இடது காதுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் இரண்டு கட்டி. மாலையில் காய்ச்சல், வேர்வை. வார்டுக்குப் போகும் வழியில் நான் நின்றேன்.

"வேற ஆளு பாக்கட்டும் அண்ணி. இப்ப நாகப்பன்னு இன்னொருத்தர் இருக்காரு. நல்லா செய்வாரு."

"அவரு எத்தன தடவ பாப்பாரு?"

"ஒரு தடவ. அதுதான் முறை."

"நீ?"

"ரெண்டு தடவ."

"அதான். நீயே பாரு," என்றாள். "எனக்கு ஒன் மேல கோவம் போகல வடிவு. எம்மேலயும் போகல. அது வேற. இது வேற."

கட்டியை வெட்டி எடுத்து ஒரு பாதியை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்கூறு மருத்துவருக்கும் ஒரு பாதியை எனக்கும் கொடுத்தார்கள். அவளுக்கு லீவு இல்லை. தையலோடு மறுநாளே தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் செல்களைப் பிரித்தேன். ஆல்கஹாலில் போட்டேன். நொதியை ஊற்றும்போது வாய்விட்டு, ஊத்தியாச்சு, என்றேன். பக்கத்தில் இருந்த நாகப்பன் திரும்பிப் பார்த்தார். எழுபதில் கோழி வந்தது. இருநூறில் ஒரே மேடு, ஊசிபோல ஒடுக்கமாக. பள்ளத்தில் இரண்டு சதவிகிதம். மறுபடி ஓட்டினேன். இரண்டு. அடுத்த நாள் புதிதாகக் கழுவிச் சாயம் போட்டு இரண்டு தடவை. இரண்டு, மறுபடியும் இரண்டு. ஐந்தாம் நாள் நோய்க்கூறு மருத்துவரின் அறிக்கையும் வந்தது. டிபி. புற்று இல்லை.

சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தேன். ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் தோட்டத்தில் இறங்கினேன். அண்ணி பன்னிரண்டாம் நம்பர் மலையில் வேலை செய்கிறாள் என்றார்கள். ஏறிப் போனேன். மழை விட்டிருந்தது. கழுத்தில் பிளாஸ்டர் ஒட்டியபடி கத்திரியால் கொழுந்தை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்திரியை இறக்கினாள்.

"டிபி அண்ணி. தானா ராத்தாவுலயே மாத்திரை குடுப்பாங்க. ஒம்பது மாசம் விடாம சாப்பிடணும்."

"மிஷின்ல?"

"ஒரே மேடு. நடுவுல ஒண்ணும் இல்ல."

"எத்தன தடவ பாத்த?"

"நாலு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மேலே நின்ற கங்காணி யாரது என்று குரல் கொடுத்தார். என் நாத்தனாரு, என்று அவள் திரும்பிச் சொன்னாள். பிறகு என்னிடம், "சோறு இருக்கு. நேத்து வச்ச மீன் கொழம்பு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுக்க. நாலு மணிக்கு எறங்கிருவேன்," என்றாள்.

"இன்னைக்கே போகணும்."

"நாளைக்குப் போலாம்."

அவள் கத்திரியைத் தூக்கினாள். நான் இறங்கி வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். குழம்பு கொதித்தது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நாக்கில் குழம்பின் புளிப்பு இன்னும் இருந்தது. பாயை விரித்துப் படுத்தேன். அண்ணி வந்து எழுப்பும்வரை தூங்கினேன்.